படகு பேட்டரி சார்ஜர்: ஆம்பியரைப் பார்ப்பதற்கு முன் வோல்ட்டைப் பாருங்கள்

இரவு முழுக்க சார்ஜர் போட்டிருந்தது. காலையில் பச்சை விளக்கு எரிந்தது. படகைத் தண்ணீரில் இறக்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ட்ரோலிங் மோட்டார் (படகை மெதுவாக நகர்த்தும் சிறிய மின் மோட்டார்) தளர்ந்து நின்றுவிட்டது. பொழுதுபோக்குப் படகு வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. பழி பேட்டரி மேல் விழும், புதுப் பேட்டரி வரும், ஓரிரு வருடத்தில் மறுபடியும் அதே புகார்.

சார்ஜர் வாங்கப் போகிறவருக்கு வேறு குழப்பம். ஒரு பெட்டியில் ‘15 ஆம்பியர், 3 பேங்க்’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘12 ஆம்பியர், 2 பேங்க்’ என்று இருக்கும். பேங்க் என்பது சார்ஜர் தனியாகக் கவனிக்கும் பேட்டரி. எது பெரியது, எது போதும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நாம் சார்ஜரை ஆம்பியர் எண்ணை வைத்து அளக்கிறோம். பேட்டரியின் ஆயுள் போவதும் நிலைப்பதும் சார்ஜர் எந்த வோல்ட்டில் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது இறங்குகிறது என்பதில் இருக்கிறது. ஆம்பியர் அதற்கு அடுத்த கேள்வி.

படகிலேயே பொருத்தும் சார்ஜர் என்றால் என்ன

படகின் உள்ளே நிரந்தரமாக முடுக்கி, பேட்டரிகளோடு எப்போதும் இணைத்தே வைத்திருக்கும் சார்ஜர் இது. கரைக்கு வந்ததும் ஒரு பிளக்கைச் செருகினால் போதும். பேட்டரியைக் கழற்ற வேண்டாம், கிளிப் மாட்ட வேண்டாம்.

காருக்கு வாங்கிய சார்ஜரைப் படகில் வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஈரத்துக்கும் உப்புக்காற்றுக்கும் அலையின் அதிர்வுக்கும் செய்யப்பட்டதல்ல. அதைவிட முக்கியமானது, கிளிப்பை மாட்டும்போதும் எடுக்கும்போதும் பொறி பறக்கும். சார்ஜ் ஆகிற ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். மூடிய பேட்டரி அறையில் அந்த அளவு சேர வெகுநேரம் தேவையில்லை. பெட்ரோல் எஞ்சின் இருக்கும் படகில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தளத்தில் போய்த் தங்கும். அதனால் எஞ்சின் அறையில் வைக்கும் சார்ஜர், வாயுவைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டது என்று சான்று பெற்றிருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

ஒரே படகு, இரண்டு விதமான பசி

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியும் ட்ரோலிங் மோட்டாரை ஓட்டும் பேட்டரியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கலாம். வேலை வேறு. கணக்குப் போட்டால் தெளிவாகும்.

1. எஞ்சினைக் கிளப்ப 150 ஆம்பியர் இழுக்கிறது, 3 நொடியில் கிளம்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவானது 450 ஆம்பியர்-நொடி. மணிக் கணக்கில் மாற்றினால் 0.125 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது துளி.

2. ட்ரோலிங் மோட்டார் நடுத்தர வேகத்தில் 25 ஆம்பியர் இழுத்து இரண்டு மணி நேரம் ஓடினால் செலவு 50 ஆம்பியர்-மணி. அதே பேட்டரியில் பாதி காலி.

முதல் பேட்டரியின் செலவை எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டரே சில நிமிடத்தில் ஈடுகட்டிவிடும். இரண்டாவதை அது ஈடுகட்டாது. சிறிய வெளிப்புற எஞ்சின்களின் ஆல்டர்னேட்டர், எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகக் குறைவாகவே மின்சாரம் தரும். பல படகுகளில் ட்ரோலிங் பேட்டரிக்கு ஆல்டர்னேட்டரிலிருந்து இணைப்பே கிடையாது. ஆக, அந்த பேட்டரிக்கு உணவு கொடுப்பது கரையில் இருக்கும் சார்ஜர் மட்டும்தான். அது அரைகுறையாகக் கொடுத்தால் வேறு யாரும் காப்பாற்ற வர மாட்டார்கள்.

பேட்டரி எதனால் சாகிறது

12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்குள் ஆறு செல்கள் உண்டு. முழுதும் நிரம்பிய செல் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆறும் சேர்ந்து, ஓய்வில் இருக்கும்போது 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். பாதி காலியான பேட்டரி 12.2 அளவில் நிற்கும். 11.9க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது என்று பொருள். நிரம்பியதற்கும் தீர்ந்ததற்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் 0.2 வோல்ட் என்பது பெரிய எண்.

பேட்டரி செலவாகும்போது அமிலத்தில் இருக்கும் சல்பேட், தட்டுகளின் மேல் ஈய சல்பேட்டாகப் படிகிறது. சார்ஜ் செய்தால் அந்தப் படிவு கரைந்து மறுபடி அமிலத்துக்குப் போகிறது. படிவு புதிதாக இருக்கும்வரை இது சுலபம். நாள்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டிப்பட்டுப் பெரிய படிகமாகிவிடும். பிறகு சார்ஜர் எவ்வளவு தள்ளினாலும் அசையாது. தட்டின் அந்தப் பகுதி செத்ததுபோலத்தான். 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பேட்டரி 60 ஆகும், அப்புறம் 40 ஆகும். வெளியே எதுவும் தெரியாது.

இதற்கு நேர் எதிரான சாவும் உண்டு. நிரம்பிய பிறகும் அதிக வோல்ட்டில் தள்ளிக்கொண்டே இருந்தால் மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கத் தொடங்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறும், நீர்மட்டம் இறங்கும், தட்டின் மேல்விளிம்பு காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். மூடியைத் திறந்தால் தெரியும்: நனைந்த பகுதி கருமையாகவும், காய்ந்த விளிம்பு வெளிறியும் இருக்கும். அந்த விளிம்பு பெரும்பாலும் மீளாது.

அரைகுறையாக நிரப்பினால் கெட்டிப்படும், அளவுக்கு மீறினால் வறளும். இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான் நல்ல சார்ஜரின் வேலை முழுவதும்.

மூன்று கட்டம்: குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல

குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது முதலில் குழாயை முழுதாகத் திறக்கிறோம். கழுத்து வந்ததும் குறைக்கிறோம். சிந்தாமல் நிரப்பி மூடுகிறோம். இக்காலச் சார்ஜர்கள் இதைத்தான் மூன்று கட்டமாகச் செய்கின்றன.

1. பல்க். சார்ஜர் தன்னால் முடிந்த முழு ஆம்பியரையும் கொடுக்கும். பேட்டரியின் வோல்ட் மெல்ல ஏறி 14.4 அளவை எட்டும்வரை இது நடக்கும். பேட்டரி ஏறக்குறைய 80 சதவீதம் நிரம்புவது இந்தக் கட்டத்தில்தான்.

2. அப்சார்ப்ஷன். இப்போது வோல்ட் ஏறாமல் அதே அளவில் பிடித்துவைக்கப்படும். பேட்டரி வாங்கிக்கொள்ளும் ஆம்பியர் தானாகவே குறைந்துகொண்டே வரும். மிச்சமுள்ள 20 சதவீதம் இங்கே நிரம்புகிறது. இதற்கு இரண்டு, மூன்று மணி நேரம், பழைய பேட்டரி என்றால் அதைவிட அதிகமும் ஆகலாம். அவசரப்படுத்த வழியில்லை, பெரிய சார்ஜர் வாங்கினாலும் இந்தக் கட்டம் பெரிதாகக் குறையாது.

3. ஃப்ளோட். வோல்ட் 13.2 முதல் 13.8க்குள் இறக்கப்படும். பேட்டரி தானாக இழக்கும் சிறு அளவை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

சில சார்ஜர்களில் நான்காவதாகச் சேமிப்புக் கட்டம் உண்டு. வோல்ட்டை இன்னும் இறக்கி, சில நாளுக்கு ஒருமுறை மட்டும் கொஞ்ச நேரம் உயர்த்தி இறக்கும். மாதக்கணக்கில் நிற்கும் படகுக்கு இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

தொடக்கத்தில் சொன்ன பச்சை விளக்குக் கதைக்கு வருவோம். மலிவான சார்ஜர்களில் பல, வோல்ட் 14.4ஐத் தொட்டதுமே, அல்லது குறிப்பிட்ட நேரம் ஆனதுமே, ‘முடிந்தது’ என்று பச்சை காட்டிவிடும். அப்சார்ப்ஷன் சரியாக நடக்கவில்லை. பேட்டரி 80, 85 சதவீதத்தில் நிற்கிறது. அன்றைக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியாது. ஆனால் நிரம்பாமல் விட்ட அந்த 15 சதவீதம் ஒவ்வொரு வாரமும் தட்டில் கெட்டிப்படுகிறது. ஒரு பருவம் முழுக்க இப்படி நடந்தால், பேட்டரி 80 சதவீதம் என்று காட்டுவதே பழைய கொள்ளளவில் பாதியாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் மோட்டார் நிற்பது இதனால்தான்.

இன்னொரு ரகம், பழைய எளிய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர். அதற்குக் கட்டமே கிடையாது. செருகியிருக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். படகில் நிரந்தரமாக வைக்க அது தகுதியற்றது. இருந்தால் கழற்றிவிடுங்கள்.

எந்த பேட்டரிக்கு எந்த வோல்ட்

சார்ஜர் தேர்வில் முதல் கேள்வி இதுதான். பேட்டரியின் மேலேயோ அதோடு வந்த தாளிலோ எழுதியிருக்கும் எண்தான் இறுதி. கீழே இருப்பவை பொதுவான அளவுகள்.

1. தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரி: அப்சார்ப்ஷன் 14.4 முதல் 14.8. அவ்வப்போது 15.5 வரை உயர்த்திச் செல்களைச் சமப்படுத்தும் வேலையும் இதற்கு மட்டுமே பொருந்தும். அப்போது வாயு நிறைய வரும்; அறை திறந்திருக்க வேண்டும், படகின் மற்ற மின்கருவிகளை அந்தச் சுற்றிலிருந்து பிரித்திருக்க வேண்டும்.

2. ஏஜிஎம்: 14.4 முதல் 14.7. இதில் அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் உறிஞ்சப்பட்டிருக்கும். மூடி முத்திரையிட்டது. உள்ளே வறண்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய முடியாது.

3. ஜெல்: சுமார் 14.1. ஏஜிஎம் அளவில் ஜெல்லைச் சார்ஜ் செய்தால் கூழுக்குள் குமிழிகள் உண்டாகும். கூழ் திரவம் அல்ல, அதனால் அந்தக் குமிழிகள் மேலே வந்து வெளியேறாது. அங்கேயே தங்கி, தட்டுக்கும் கூழுக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடும். ஏஜிஎம்மும் ஜெல்லும் ஒன்று என்று நினைத்து ஒரே பொத்தானை அழுத்துவதுதான் ஜெல் பேட்டரிகளை வீணாக்கும் பெரிய தவறு.

4. லித்தியம் இரும்பு பாஸ்பேட்: நான்கு செல்கள், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், ஆக 12.8. சார்ஜ் அளவு 14.2 முதல் 14.6. செல் ஒன்றுக்கு 3.65தான் உச்சம்.

லித்தியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது பலரும் அதற்கு மாறுகிறார்கள். பழைய சார்ஜரை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். மூன்று இடத்தில் சிக்கல் வரும். ஒன்று, பழைய சார்ஜரில் தானாகவே ஓடும் சமப்படுத்தும் கட்டமோ, சல்பேட்டைக் கரைக்கும் துடிப்போ இருக்கலாம். லித்தியத்துக்கு அது ஆகாது. இரண்டு, உறைநிலைக்குக் கீழே, அதாவது 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். நல்ல பேட்டரியின் பாதுகாப்பு மின்சுற்று இதைத் தடுக்கும், எல்லா பேட்டரியிலும் அந்தத் தடை இருப்பதில்லை. மூன்று, பேட்டரி மிகவும் காலியானால் அந்தப் பாதுகாப்புச் சுற்று தன்னையே துண்டித்துக்கொள்ளும். வெளியே அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். எதிரே பேட்டரி இல்லை என்று சார்ஜர் முடிவுகட்டி வேலையைத் தொடங்காமலே இருந்துவிடும். துண்டித்த லித்தியத்தைத் தட்டி எழுப்பும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

லித்தியத்தில் வோல்ட்டைப் பார்த்து இருப்பை மதிப்பிடுவதும் எடுபடாது. காலியாகும் வழியில் பெரும்பகுதி தூரம் அது 13.2ஐ ஒட்டியே நிற்கும். கடைசியில் சட்டென்று விழும்.

அப்புறம் வெப்பம். ஈய அமில பேட்டரிக்குச் சொல்லும் வோல்ட் எல்லாம் சுமார் 25 டிகிரியில் பொருந்துபவை. சூடு கூடினால் வோல்ட்டைக் குறைக்க வேண்டும், குளிர்ந்தால் கூட்ட வேண்டும். டிகிரிக்கு ஒரு செல்லில் 3 முதல் 5 மில்லிவோல்ட் என்பது வழக்கமான கணக்கு. ஆறு செல், 10 டிகிரி கூடுதல் என்றால் 0.18 முதல் 0.3 வோல்ட் குறைய வேண்டும். அதாவது 35 டிகிரி அறையில் 14.4 என்பது ஏற்கெனவே அதிகம். வெயிலில் மூடிக்கிடக்கும் படகின் பேட்டரி அறை 35ஐச் சுலபமாகத் தாண்டும். வெப்ப உணரி உள்ள சார்ஜருக்குக் கூடக் கொஞ்சம் கொடுப்பது வீண் செலவல்ல. அந்த உணரி பேட்டரியின் மேல் ஒட்டியிருக்க வேண்டும். சார்ஜர் பெட்டிக்குள்ளேயே இருந்தால் அது தன் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

சரி, எத்தனை ஆம்பியர்?

‘15 ஆம்பியர், 3 பேங்க்’ என்பதன் பொருள் பல நேரம் ஒவ்வொரு பேட்டரிக்கும் 15 என்பதல்ல. மொத்தம் 15, மூன்றாகப் பிரித்தால் ஒன்றுக்கு 5. ‘12 ஆம்பியர், 2 பேங்க்’ என்பதில் ஒன்றுக்கு 6. பெட்டியில் சிறியதாகத் தெரிந்ததுதான் பேட்டரிக்கு அதிகம் தருகிறது. சில சார்ஜர்கள், ஒரு பேட்டரி நிரம்பியதும் அதன் பங்கை மற்றவற்றுக்குத் திருப்பிவிடும். சில அப்படிச் செய்யாது. பேங்க் ஒன்றுக்கு உச்சமாக எவ்வளவு என்ற எண்ணைத் தேடிப் படியுங்கள்.

ஈய அமில பேட்டரிக்குப் பொதுவான கணக்கு, கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம். 100 ஆம்பியர்-மணிக்கு 10 முதல் 20 ஆம்பியர். ஏஜிஎம் இதைவிட அதிகமும் தாங்கும். லித்தியம் 20 முதல் 50 சதவீதம்வரை சாதாரணமாக வாங்கும்.

எவ்வளவு நேரம் ஆகும்? 50 ஆம்பியர்-மணி செலவழித்த பேட்டரிக்கு, வீணாகும் அளவையும் சேர்த்து 57 அல்லது 58 கொடுக்க வேண்டும். பேங்குக்கு 5 ஆம்பியர் என்றால் 12 மணி நேரத்துக்குக் குறையாது. 10 ஆம்பியர் என்றால், கடைசிக் கட்டத்தின் மெதுவான ஓட்டத்தையும் சேர்த்து, 7 முதல் 9 மணி நேரம். ஆம்பியர் இரட்டிப்பானதும் நேரம் பாதியாகிவிடவில்லை என்பதைப் பாருங்கள்.

எனவே கேட்க வேண்டியது, கரையில் உங்கள் படகுக்கு எவ்வளவு நேரம் மின்சாரம் கிடைக்கிறது என்பது. வாரம் ஒருமுறைதான் போகிறீர்கள், மற்ற நாளெல்லாம் பிளக்கில்தான் இருக்கும் என்றால் பேங்குக்கு 5, 6 ஆம்பியரே தாராளம். அடுத்தடுத்த நாள் போகிறவருக்கு 10க்குக் குறைந்தால் சிரமம். எஞ்சின் கிளப்பும் பேட்டரிக்கு எப்போதும் சிறியதே போதும்.

பேங்க் எண்ணிக்கையும், தொடராக இணைத்த பேட்டரியும்

பேங்க் என்றால் சார்ஜர் தனியாகக் கவனிக்கும் ஒரு பேட்டரி, அல்லது ஒரே வோல்ட்டில் பக்கவாட்டில் இணைத்த பேட்டரிக் குழு. எஞ்சினுக்கு ஒன்று, 24 வோல்ட் ட்ரோலிங் மோட்டாருக்கு இரண்டு என்றால் மூன்று பேங்க் வேண்டும். 36 வோல்ட் மோட்டார் என்றால் நான்கு.

இங்கே ஒரு விஷயத்தை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். 24 வோல்ட்டுக்காகத் தொடராக இணைத்த இரண்டு பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பேட்டரியின் ப்ளஸ், இரண்டாவதன் மைனஸோடு ஒரு தடித்த வயரால் சேர்க்கப்பட்டிருக்கிறது. இப்போது சார்ஜரின் முதல் பேங்க் மைனஸ் வயர் முதல் பேட்டரியின் மைனஸுக்குப் போகிறது. இரண்டாவது பேங்க் மைனஸ் வயர் இரண்டாவதன் மைனஸுக்கு, அதாவது முதல் பேட்டரியின் ப்ளஸுக்கும்தான், போகிறது. சார்ஜருக்குள் இரண்டு மைனஸும் ஒன்றாக இணைந்திருந்தால் என்ன ஆகும்? முதல் பேட்டரியின் இரு முனையும் நேராகச் சேர்ந்து ஷார்ட் ஆகும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். ஃபியூஸ் இல்லாவிட்டால் வயர் பழுத்துத் தீப்பிடிக்கும்.

அதனால் தொடர் இணைப்புக்கு, ஒவ்வொரு பேங்கும் மற்றதிலிருந்து முழுதாகத் தனிப்படுத்தப்பட்ட சார்ஜர்தான் வேண்டும். பேங்க் ஒன்றுக்கு ஒரு ப்ளஸ், ஒரு மைனஸ் என இரண்டிரண்டு வயர் வருவது நல்ல அடையாளம். ஆனாலும் கையேட்டில் ‘தனிப்படுத்தியது’ என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். மூன்று ப்ளஸ், பொதுவாக ஒரே மைனஸ் உள்ள சார்ஜர்கள் மோசமானவை அல்ல, பெரிய படகுகளில் அவைதான் வழக்கம். அவை, மைனஸ் எல்லாம் பொதுவாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரிகளுக்கு மட்டும்.

எஞ்சினுக்கு ஈய அமிலம், ட்ரோலிங்குக்கு லித்தியம் என்று கலந்து வைத்திருந்தால், பேங்க் பேங்காக வகை மாற்றும் வசதி கட்டாயம். எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு உள்ள சார்ஜர், இரண்டில் ஒன்றைக் கெடுக்கும்.

வயர், ஃபியூஸ், வைக்கும் இடம்

நல்ல சார்ஜரை மெல்லிய வயர் வீணாக்கும். பேட்டரி 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வையுங்கள். போக வர 6 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.041 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.41 வோல்ட் காணாமல் போகிறது. சார்ஜர் 14.4 வந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் பேட்டரி 14ஐத்தான் பார்க்கிறது. கட்டம் முன்கூட்டியே மாறுகிறது, நிரம்பும் நேரம் நீள்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே இழப்பு 0.17 மட்டுமே. சார்ஜரோடு வந்த வயரை நீட்ட வேண்டியிருந்தால் தடித்ததாக, வெள்ளீயம் பூசிய செம்பாக எடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு உப்புக்காற்றில் சீக்கிரமே பச்சை பூத்துவிடும்.

ப்ளஸ் வயர் ஒவ்வொன்றிலும் பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி வைத்திருக்கும் பொது அளவு 7 அங்குலம், ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். சார்ஜர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் போட்டால் பாதுகாப்பு இல்லை. வயர் நசுங்கி ஷார்ட் ஆனால் ஆபத்தான மின்சாரம் வருவது பேட்டரியிலிருந்து.

இடத்தைப் பொறுத்தவரை: பேட்டரிக்கு நேர் மேலே வேண்டாம், அமில ஆவி ஏறி அரித்துவிடும். சூடு வெளியேறச் சுற்றிலும் இடம் விடுங்கள். ஐபி67 என்ற முத்திரை, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்ததைக் குறிக்கிறது. அதற்காகத் தண்ணீர் தேங்கும் மூலையில் முடுக்கலாம் என்று அர்த்தமில்லை.

கரை மின்சாரம்: உயிர் சம்பந்தப்பட்ட பகுதி

15 ஆம்பியர் சார்ஜர், கரையிலிருந்து இழுப்பது 250 வாட் அளவுதான். சிறியதாக இருப்பதால் அலட்சியம் வருகிறது. தண்ணீருக்கு மேல் இருக்கும் வீட்டு மின்சாரம் என்பதை மறக்கக் கூடாது.

எர்த் வயர் அறுந்த நிலையில் சார்ஜருக்குள் கசிவு ஏற்பட்டால், மின்சாரம் படகின் உலோகப் பாகங்கள் வழியாகச் சுற்றியுள்ள நீருக்குள் போகும். அருகில் நீந்துபவரின் தசைகள் செயலிழந்து மூழ்கிவிடலாம். நன்னீரில் இது இன்னும் கொடியது. உப்புநீர் மனித உடலைவிட நன்றாக மின்சாரம் கடத்தும்; நன்னீர் அப்படி இல்லாததால் மின்சாரம் உடல் வழியே பாயும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி படகின் கரை மின் இணைப்பில் இருப்பது இதற்காகத்தான். கரை மின்சாரம் செருகிய படகுகள் நிற்கும் இடத்தில் நீந்த வேண்டாம், குழந்தைகளை விடவும் வேண்டாம்.

எர்த் வயரால் இன்னொரு பக்கவிளைவும் உண்டு. பிளக்கைச் செருகியதும் உங்கள் படகும் பக்கத்துப் படகுகளும் எர்த் வழியாக இணைந்துவிடுகின்றன. வெவ்வேறு உலோகம், இடையில் நீர். ஒரு பெரிய பேட்டரியே உருவாகிவிட்டது. உங்கள் துத்தநாக ஆனோடு (மற்ற உலோகப் பாகங்களைக் காக்கத் தான் கரையும் கட்டி) வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்தால் இதைச் சந்தேகியுங்கள். தீர்வு எர்த் வயரை வெட்டுவது அல்ல, ஒருபோதும் அல்ல. கால்வனிக் ஐசொலேட்டர் என்ற கருவியை எர்த் வயரில் பொருத்தினால், அரிப்பை உண்டாக்கும் சிறு மின்னழுத்தத்தைத் தடுக்கும், கசிவு நேர்ந்தால் வழிவிடும்.

தினசரிப் பயன்பாடு

1. செருகும் வரிசை: படகின் மின்சுவிட்சை அணைத்துவிட்டு, கேபிளை முதலில் படகில் மாட்டுங்கள், பிறகு கரையில். எடுக்கும்போது முதலில் கரையில். மாற்றிச் செய்தால் மின்சாரம் உள்ள முனை கையில் இருக்கும், தவறினால் தண்ணீரில்.

2. திரும்பி வந்த அன்றே செருகுங்கள். வார இறுதிவரை காத்திருக்க வேண்டாம். சல்பேட் கெட்டிப்படுவதைத் தடுக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. லித்தியத்துக்கு இந்த அவசரம் கிடையாது. நீண்ட நாள் நிற்கப் போகிறது என்றால் அதைப் பாதி இருப்பில் வைப்பதுதான் நல்லது.

3. சாதாரண பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜ் ஆகும்போது திரவம் உயரும், முன்பே நிரப்பினால் அமிலம் வழியும். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவு முன்னதாக ஊற்றலாம். டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே.

4. அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அல்லது ஒரு பேட்டரி மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால், கரை மின்சாரத்தைத் துண்டியுங்கள். காற்றோட்டம் செய்யுங்கள். மறுபடி செருகுவது காரணம் தெரிந்த பிறகு.

5. மாதக்கணக்கில் செருகி வைக்கலாமா? ஃப்ளோட் சரியாக உள்ள சார்ஜர் என்றால் வைக்கலாம், ஆனால் வந்து பார்க்க வேண்டும். படகில் எங்கோ நீர் கசிந்து, அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் இடைவிடாமல் ஓடினால் சார்ஜர் அதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், கசிவு வெளியே தெரியாது. மின்சாரம் நின்ற அன்றைக்குத்தான் படகு அமிழத் தொடங்கும். செருகாமல் விடுவதானால் சிறு கசிவு மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள்: ரேடியோவின் நினைவகம்போல 20 மில்லிஆம்பியர் இழுக்கும் ஒன்று, 30 நாளில் 14 ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும்.

பச்சை விளக்கைச் சோதிப்பது எப்படி

ஈய அமில பேட்டரிகளுக்கு மாதம் ஒருமுறை இதைச் செய்துபாருங்கள். பச்சை விளக்கு வந்ததும் பிளக்கை எடுத்துவிட்டு, எல்லாச் சுவிட்சையும் அணைத்து, 12 மணி நேரம் விடுங்கள். உடனே அளந்தால் தட்டின் மேற்பரப்பில் நிற்கும் பொய்யான வோல்ட் 13க்கு மேல் காட்டும், அதை நம்ப முடியாது. ஓய்வுக்குப் பிறகு மல்டிமீட்டரால் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். தொடர் இணைப்பில் இருப்பவற்றையும் தனித்தனியாகவே.

எல்லாம் 12.6க்கு மேல் என்றால் சார்ஜர் தன் வேலையைச் செய்கிறது. எல்லாமே 12.4 என்று நின்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள்: வகை தவறாக அமைக்கப்பட்டிருக்கலாம், அப்சார்ப்ஷன் போதாமல் இருக்கலாம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அந்தப் பேங்கின் வயரையும் ஃபியூஸையும் டெர்மினலையும் பாருங்கள். அவை சரியென்றால், அந்த பேட்டரியை வேறொரு பேங்கில் மாற்றி மாட்டி மறுபடி சோதியுங்கள். அங்கேயும் அது 12.1க்குத்தான் திரும்புகிறது, சாதாரண பேட்டரியாக இருந்து ஒரு செல்லின் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) அளவும் மற்றவற்றைவிட வெகுவாகக் கீழே இருக்கிறது என்றால், அந்தச் செல் போய்விட்டது. பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். தொடரில் இருக்கும் ஜோடியாக இருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். புதியது பழையதோடு சேர்ந்து ஓடினால் ஒவ்வொரு பயணத்திலும் பழையதுதான் முதலில் காலியாகும், அதுவே மோட்டாரையும் நிறுத்தும்.